துடைப்பம் எடுத்த நிவேதிதா

கல்கத்தா நகரின் வடகோடியில், கங்கைக் கரையை ஒட்டி, பாக்பஜார் என்று ஒரு பேட்டை இருக்கிறது. சந்தும் பொந்துமான பழைய பேட்டை. 1899-ம் ஆண்டு கோடையில் ஒரு நாள் அங்கே ஓர் அதிசயம் நடந்தது.

ஊரெங்கும் பிளேக் நோய். குப்பை அள்ளுகிறவர்களில் பலர் உயிருக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்து நாறியது. வீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்.

அந்தத் தெருவுக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கையில் கூடை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து தெருவைக் கூட்டத் தொடங்கினார்.

பேட்டை வாலிபர்கள் பார்த்தார்கள். முதலில் திகைப்பு. பிறகு வெட்கம். சற்று நேரத்தில் அவர்கள் கையிலும் துடைப்பம் ஏறியது.

இதை நேரில் கண்டு பிற்காலத்தில் சொன்னவர் லேசுப்பட்டவர் அல்ல. பெரிய சரித்திர ஆசிரியராகப் புகழ் பெற்ற யதுநாத் சர்க்கார்தான் அவர்.

அந்த அம்மாள் யார்? நம் மகாகவி பாரதியார் தம் குருவாக ஏற்றுக்கொண்டாரே, அதே சகோதரி நிவேதிதாதான்.

பாதிரியார் மகள்

அவருடைய இயற்பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். 1867-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி அயர்லாந்தில் டங்கானன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் நோபிள் ஒரு பாதிரியார். ஏழை எளியவர் வீடுகளுக்குப் போகும்போது சிறுமி மார்கரெட்டையும் கூட்டிக்கொண்டு போவார். அவர் நெடுநாள் வாழவில்லை. மகளுக்குப் பத்து வயது நடக்கும்போதே காலமானார்.

தாய்வழிப் பாட்டனார் ஹாமில்டன் அயர்லாந்து விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டவர். ஆங்கிலேயர் ஆட்சியில் அடிமைப்பட்ட நாடு எப்படி இருக்கும் என்பதை மார்கரெட் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே கேட்டு வளர்ந்தார்.

பதினேழு வயதில் பள்ளி ஆசிரியை ஆனார். ரெக்ஸம் என்ற சுரங்க ஊரில் வேலை பார்த்தபோது தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்குப் போய், அவர்கள் படும் பாட்டைப் பத்திரிகைகளில் எழுதினார். அங்கே ஓர் என்ஜினீயர் வாலிபரோடு கல்யாணப் பேச்சு நடந்தது. அந்த வாலிபர் நோயில் விழுந்து இறந்துபோனார். மார்கரெட் அந்த ஊரை விட்டே போய்விட்டார்.

பிறகு லண்டனை அடுத்த விம்பிள்டனில் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பிரோபெல், பெஸ்டலாட்சி ஆகிய கல்வி அறிஞர்களின் முறைகளில் அவருக்குப் பிரியம் அதிகம். குழந்தை காதால் கேட்டுப் படிப்பது கொஞ்சம். கையால் செய்து படிப்பதுதான் நிலைக்கும் என்பது அந்த முறை. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கல்கத்தாவில் அவர் செய்த காரியத்துக்கு இதுதான் அடிப்படை என்பது என் எண்ணம்.

1895 நவம்பரில் லண்டனில் ஒரு சீமாட்டியின் வீட்டில் சுவாமி விவேகானந்தர் பேசினார். மார்கரெட்டும் போயிருந்தார். கேட்டவுடன் காலில் விழுந்துவிடவில்லை. சந்தேகப்பட்டார், வாதாடினார், மறுபடி மறுபடி போய்க் கேட்டார். கடைசியில், வேலையையும் ஊரையும் உறவையும் விட்டுக் கப்பலேறினார். 1898 ஜனவரி 28-ந் தேதி கல்கத்தாவில் இறங்கினார். மார்ச் 25-ந் தேதி சுவாமிகள் அவருக்குப் பிரம்மசரிய தீட்சை அளித்து, நிவேதிதா என்று பெயர் சூட்டினார். அர்ப்பணிக்கப்பட்டவள் என்று அர்த்தம்.

தீட்சை பெற்று ஒரு மாதம் ஆகியிருக்கும். கல்கத்தாவுக்குப் பிளேக் வந்துவிட்டது.

எலி செத்து விழுந்தால்...

பிளேக் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருந்தால் உண்டு. வீட்டில் எலி செத்து விழும். அடுத்த சில நாளில் மனிதனுக்குக் கடும் காய்ச்சல். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். பலர் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார்கள்.

அந்தக் கொள்ளை நோய் சீனாவிலிருந்து கிளம்பியது. 1894-ல் ஹாங்காங்கைத் தாக்கியது. 1896-ல் பம்பாய்க்கு வந்தது. அங்கிருந்து நாடு முழுவதும் பரவி, சில பத்து ஆண்டுகளில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

நோயைவிட ஜனங்கள் அதிகமாகப் பயந்தது சர்க்காருக்கு! 1897-ல் கொள்ளை நோய்ச் சட்டம் ஒன்று வந்தது. பூனா நகரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். பூஜை அறை, அடுப்பங்கரை என்று பார்க்கவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்கும், உடனிருந்தவர்களை முகாமுக்கும் கொண்டுபோனார்கள். சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 22-ந் தேதி இரவு, சாபேகர் சகோதரர்கள் என்ற இளைஞர்கள் பிளேக் அதிகாரி ராண்டைத் துப்பாக்கியால் சுட்டார்கள். அவரும் இன்னோர் அதிகாரியும் மாண்டார்கள். சகோதரர்கள் மூவரும் தூக்குமேடை ஏறினார்கள்.

கொள்ளை நோய்க் காலத்தில் ஓர் இளைஞன் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பூனா அப்படி ஒரு பதில் சொன்னது. அது சரியா தப்பா என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இப்போது தீர்ப்புச் சொல்வது சுலபம். கல்கத்தா இளைஞர்களின் காதில் அந்தத் துப்பாக்கிச் சத்தம் இன்னும் ஓயவில்லை என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது.

1898 ஏப்ரல் கடைசியில் கல்கத்தாவில் பிளேக் என்று தெரிந்ததும் ஊர் கலைந்தது. ரயிலிலும் படகிலும் வண்டியிலும் ஜனங்கள் ஓடினார்கள். கட்டாயமாக ஊசி போடப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி. ஊசி போட்டால் செத்துப்போவார்கள் என்று இன்னொரு வதந்தி. கலகங்கள் நடந்தன. டார்ஜிலிங்கில் இருந்த விவேகானந்தர் மே 3-ந் தேதி திரும்பி வந்தார். பயப்படாதீர்கள், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், வதந்தியை நம்பாதீர்கள், யாரும் இல்லாதவர்களுக்கு நாங்கள் இருக்கிறோம் என்ற கருத்தில் வங்காளியிலும் இந்தியிலும் துண்டுப் பிரசுரம் தயாரித்தார். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டார் உடனிருந்த துறவி ஒருவர். மடத்துக்காக அப்போதுதான் வாங்கிய நிலத்தை விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார் சுவாமிகள்.

நல்ல வேளையாக அந்த ஆண்டு நோய் பெரிதாகப் பரவவில்லை. நிலமும் தப்பியது.

வெள்ளை முகம்

அவ்வாண்டு நவம்பர் 13-ந் தேதி, காளி பூஜை நாளன்று, பாக்பஜாரில் போஸ்பாரா சந்து 16-ம் எண் வீட்டில் நிவேதிதா பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி ஆரம்பித்தார். அன்னை சாரதா தேவியார் வந்து ஆசீர்வதித்தார். வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுக் கேட்டால்தான் இரண்டொரு பெண்ணை அனுப்புவார்கள். வெள்ளைக்காரி, நம்மைக் கிறிஸ்தவர்களாக்கி விடுவாளோ என்ற பயம் அவர்களுக்கு.

இந்த நிலைமையில், 1899 மார்ச்சில் பிளேக் மறுபடி வந்தது. இந்தத் தடவை கடுமையாக வந்தது.

நிவேதிதாவின் சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். பிளேக் காலத்தில் வாசலில் ஒரு வெள்ளை முகம் தெரிந்தால் ஜனங்களுக்கு என்ன தோன்றும்? பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். நோயாளியை உள்ளறையில் ஒளித்துவைப்பார்கள். அவரோ அதே வெள்ளை முகத்தை வைத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குள் போயாக வேண்டும்.

மார்ச் 31-ந் தேதி ராமகிருஷ்ண மிஷன் பிளேக் சேவை தொடங்கியது. நிவேதிதா காரியதரிசி. வேலையை முன்நின்று நடத்தியவர் சுவாமி சதானந்தர். அவர் ஒரு காலத்தில் ஹாத்ராஸ் ரயில் நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர். விவேகானந்தரின் முதல் சீடர். துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு பாக்பஜார், சியாம்பஜார் குடிசைப் பகுதிகளில் இறங்கினார். வங்காளத்தில் இந்தக் குடிசைப் பகுதிகளைப் பஸ்தி என்பார்கள். வருஷக்கணக்காகச் சேர்ந்த குப்பை வண்டி வண்டியாகப் போயிற்று. சாக்கடைகளைக் கழுவி மருந்து தெளித்தார்கள். நிவேதிதா பத்திரிகைகள் மூலம் பணம் கேட்டார். பஸ்திகளைத் தாமே சுற்றிப் பார்த்தார்.

பணம் வந்தது. ஆள் போதவில்லை. கூலி ஆளை எத்தனை நாளைக்கு வைத்து நடத்த முடியும்? அந்தப் பேட்டையிலேயே நூற்றுக்கணக்கான பையன்கள் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஷேக்ஸ்பியர் தெரியும், மில்டன் தெரியும். பிளேக் என்று ஒன்று வந்திருப்பதும் நன்றாகத் தெரியும். பத்திரிகை படிக்கிறவர்கள்தானே! தெரிந்து என்ன? அது பஸ்தி ஜனங்களின் வியாதி, முனிசிபாலிட்டியின் வேலை என்று இருந்தார்கள். மேல்ஜாதிக் கல்லூரி மாணவன் குப்பைக் கூடையைத் தொடுவதா? தொட்டால் வீட்டுக்குள் விடுவார்களா?

நாம் அவர்களைப் பரிகாசம் செய்ய வேண்டாம். 2020-ல் கொரோனா வந்தபோது நம்மில் எத்தனை பேர் அடுத்த வீட்டுக்காரர் இருமினால் ஜன்னலைச் சாத்தினோம்!

பதினைந்து பேர்

1899 ஏப்ரலில், கிளாசிக் தியேட்டர் என்ற நாடகக் கொட்டகையில் மாணவர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. தலைமை விவேகானந்தர். பேச்சாளர் நிவேதிதா. பிளேக்கும் மாணவர் கடமையும் என்பது பொருள்.

பஸ்தியைச் சுத்தம் செய்ய உங்களில் எத்தனை பேர் வருவீர்கள் என்று நேருக்கு நேராகக் கேட்டுவிட்டார் நிவேதிதா. நின்றால் எல்லாரும் சேர்ந்து நிற்போம், விழுந்தால் சேர்ந்து விழுவோம், சகோதரனைக் கைவிட்டவன் தானும் கைவிடப்படுவான் என்ற கருத்தில் பேசினார்.

முன்வந்தவர்கள் சுமார் பதினைந்து பேர்.

இவ்வளவு பெரிய நகரத்தில் பதினைந்து பேர்தானா என்று கேட்கலாம். குறைவுதான். ஆனால் நிவேதிதா அதைக் குறைவு என்று உட்கார்ந்துவிடவில்லை. பள்ளிக்கூடம் நடத்திய கைகள் அல்லவா? உடனே அவர்களை ஒரு படையாக அமைத்தார். பாக்பஜாரில் குறிப்பிட்ட குடிசைகளைப் பிரித்துக்கொண்டு வாசல் வாசலாகப் போக வேண்டும். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராமகாந்த போஸ் தெரு 57-ம் எண் வீட்டில் கூடி, அந்த வாரம் என்ன செய்தோம் என்று கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கூட்டத்தில் கை தட்டுவது ஒரு நாள் காரியம். ஒவ்வொரு ஞாயிறும் வந்து கணக்குச் சொல்வது என்றால் மற்ற ஆறு நாளும் வேலை செய்திருக்க வேண்டும்!

இன்னொன்றும் நடந்தது. வெள்ளை முகத்துக்குத் திறக்காத கதவு அடுத்த தெருப் பையனுக்குத் திறக்கும். அவன் பேசுவது அவர்கள் பாஷை. அவனை யாரும் சர்க்கார் ஆள் என்று நினைக்கப் போவதில்லை. பூனாவில் சிப்பாய்களால் முடியாததை இங்கே சில மாணவர்கள் சத்தமில்லாமல் செய்தார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதியும் உண்டு. பிளேக் கிருமியை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருவது எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி. பால் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1898-லேயே கராச்சியில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பெரிய பெரிய நிபுணர்கள் அப்போது அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். அழுக்கும் கெட்ட காற்றுமே நோய்க்குக் காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. பையன்களும் அப்படி நம்பித்தான் குப்பையை வாரினார்கள். காரணம் தப்பு, காரியம் சரி! குப்பை போனால் எலிக்கு இரையும் மறைவும் குறையுமல்லவா?

டாக்டர் கண்ட காட்சி

அந்தப் பேட்டையில் ராதாகோவிந்த கார் என்ற டாக்டர் வைத்தியம் பார்த்து வந்தார். கல்கத்தாவின் ஆர். ஜி. கார் மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியதுதான். அவர் பிற்காலத்தில் எழுதி வைத்த சம்பவம் இது.

சித்திரை வெயில் கொளுத்தும் ஒரு பகல். நோயாளிகளைப் பார்த்துவிட்டு டாக்டர் வீடு திரும்பினார். வாசலில் தூசி படிந்த நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார அம்மையார் காத்திருந்தார். அன்று காலை டாக்டர் பஸ்தியில் பார்த்த ஒரு பிளேக் குழந்தையைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். ஒட்டுநோய் ஆயிற்றே, தாங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் எச்சரித்தார்.

சாயங்காலம் டாக்டர் மறுபடி அந்தக் குடிசைக்குப் போனார். ஈரம் கசியும் இடிந்த குடிசை. அதற்குள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நிவேதிதா உட்கார்ந்திருந்தார்!

அன்று மட்டுமல்ல. தம் வீட்டை விட்டு வந்து இரவும் பகலும் அங்கேயே தங்கினார். குடிசையைச் சுத்தப்படுத்த வேண்டும் என்றதும் ஒரு சிறு ஏணியைக் கொண்டுவந்து, தாமே ஏறிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். பிழைக்காது என்று தெரிந்தும் பணிவிடையில் ஒரு குறை வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் அவர் மடியிலேயே உயிர் விட்டான். கடைசி நேரத்தில் அவரையே தாய் என்று எண்ணி, அம்மா அம்மா என்று அழைத்தானாம்.

அந்த நாட்களில் பாலும் பழமும்தான் நிவேதிதாவுக்கு முக்கிய ஆகாரம். ஒரு நோயாளியின் மருந்துச் செலவுக்காகப் பாலையும் நிறுத்திவிட்டார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

சென்னைத் துறைமுகத்தில்

1899 ஜூன் 20-ந் தேதி, பள்ளிக்குப் பணம் திரட்டுவதற்காக, விவேகானந்தருடன் நிவேதிதா மேல்நாட்டுக்குக் கப்பலேறினார். நான்கு நாளில் கப்பல் சென்னை வந்தது. சுவாமிகளைத் தரிசிக்கச் சென்னை வாலிபர்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கப்பல் வருவது பிளேக் ஊரிலிருந்து! சுவாமிகள் கரையில் இறங்க அனுமதி இல்லை. சர்க்காரைக் கேட்டும் பயனில்லை. அன்பர்கள் படகுகளில் வந்து, கப்பல் தளத்தில் நின்றவரைக் கீழேயிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அளசிங்கப் பெருமாள் மட்டும் ஒரு யுக்தி செய்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே கப்பலில் ஏறிக் கொழும்பு வரை போனார்.

நிவேதிதா 1902-ல் இந்தியா திரும்பினார். அவ்வாண்டு ஜூலை 4-ந் தேதி விவேகானந்தர் காலமானார். நாட்டு விடுதலையில் நிவேதிதாவுக்கு இருந்த ஈடுபாட்டை மடத்து விதிகள் இடம் கொடா. ஆகவே மடத்தோடு இருந்த முறையான தொடர்பை விட்டு விலகினார். அன்பு மட்டும் விலகவில்லை. அதன்பின் வங்காள வாலிபர் சங்கங்களில் அவர் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு.

1905-06 வாக்கில் காங்கிரஸ் மகாசபைக்குப் போய்த் திரும்பிய பாரதியார் அவரைக் கண்டார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்டதும், அதற்குப் பாரதியார் சொன்ன பதிலும், அதற்குக் கிடைத்த கண்டிப்பும் தமிழ்நாடு அறிந்த கதை. 1908-ல் வெளிவந்த ஸ்வதேச கீதங்களைப் பாரதியார் அவருக்கே சமர்ப்பணம் செய்தார்.

1906-ல் கிழக்கு வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும் வந்தன. நிவேதிதா சும்மா இருப்பாரா? படகிலும் சேற்றிலும் கிராமம் கிராமமாகப் போனார். பிளேக் செய்யாததை அந்தப் பயணம் செய்தது. கடும் காய்ச்சலில் விழுந்தார். எழுந்து நடமாடினாரே தவிர, பழைய உடல்நிலை திரும்பவில்லை.

1911 அக்டோபரில், விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் தம்பதிகளோடு டார்ஜிலிங்கில் தங்கியிருந்தார். அங்கே நோய் கண்டது. தமக்கென்று இருந்த பணம், புத்தகங்களிலிருந்து வரும் வருமானம் எல்லாவற்றையும் இந்தியப் பெண்களின் கல்விக்கென்று உயில் எழுதினார். 13-ந் தேதி காலை உயிர் பிரிந்தது. நாற்பத்து நான்கு வயது நிறைய இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

போஸ்பாரா சந்தில் அவர் ஆரம்பித்த பள்ளி பிறகு இடம் மாறி, பெரிதாகி, பாக்பஜாரிலேயே அவர் பெயரில் இன்றும் நடந்து வருகிறது.